ஏழாவது குழியில் ஒரு தூக்குப்பாலம்

"மஞ்சக் குடை! ஏங்க... மஞ்சக் குடை! உங்களைத்தான்!"

ஒலிபெருக்கியில் வந்த குரல் ஆற்றின் இரு கரைக்கும் கேட்டது. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. மழை அப்படி. அவள் தூக்குப்பாலத்தின் மேல், பாலம் பிரிந்து எழுகிற முனையில், மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிய மஞ்சள் குடை. வாயில் பென்சில். கையில் அளவு டேப். சாலையின் இரண்டு துண்டுகளும் சந்திக்கும் இடத்தில் இரும்புப் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடந்தன. அந்தப் பற்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி... அது தெரியாமல் அவள் எழுந்திருப்பதாக இல்லை.

"மஞ்சக் குடை வச்சிருக்கிற அம்மா! பாலத்தைத் தூக்கணும். படகு காத்துக்கிட்டு இருக்கு!"

அம்மாவா?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பம் இறங்கியிருந்தது. கம்பங்களுக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். எல்லாக் கண்ணாடிகளிலும் துடைப்பான்கள் ஆடின. எல்லாத் துடைப்பான்களுக்குப் பின்னாலும் ஒரு முகம். அத்தனை முகமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு நிமிஷம்...

"ஒரு நிமிஷம் எல்லாம் கிடையாது!"

பாலத்தை இயக்கும் கேபினின் இரும்புப் படிகளில் தடதடவென்று ஒருவன் இறங்கி ஓடி வந்தான். மழைக்கோட்டை மாட்டக்கூட நேரமில்லாமல் தோளில் போட்டிருந்தான். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும். அம்மான்னு கூப்பிட்டா கேக்காது."

"பாலம் தூக்குறப்ப இதுமேல உட்கார்ந்திருந்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாது. இந்த இடைவெளி எவ்வளவுன்னு மட்டும் தெரியணும்."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். இமையில் மழைத்துளி. கண்ணில் துளிக்கூடப் பயமில்லை. திட்ட வந்தவன் சட்டென்று குனிந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான்.

"நாற்பத்திரெண்டு மில்லி. எழுதிக்கோங்க. எழுதியாச்சா? ஓடுங்க!"

ஓடினாள். தடுப்புக் கம்பத்தைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தாள். சாலை மெல்ல எழுந்தது... வெள்ளைக் கோடும் தேங்கிய மழைநீரும் அப்படியே சாய்ந்தன... ஒரு தெருவே வானத்தைப் பார்த்து எழுந்து நின்றது.

அவள் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். வயது இருபத்தாறு. இந்தப் பாலம் எழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மினி கோல்ஃப் திடல் கட்டுவது அவள் தொழில். பெரிய புல்வெளியெல்லாம் வேண்டாம். ஒரு குட்டி மட்டை, ஒரு பந்து, செயற்கைப் புல் விரித்த குறுகலான பாதை, கடைசியில் ஒரு குழி. நடுவில் ஏதாவது ஒரு தடங்கல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பந்து அதைத் தாண்டிக் குழிக்குள் விழும்போது பெரியவர்கள்கூடக் கை தட்டிக் குதிப்பார்கள். அந்தக் குதிப்புக்காகவே அவள் இந்தத் தொழிலுக்கு வந்தாள்.

ஆற்றங்கரைப் பூங்காவின் முதலாளி ஒன்பது குழி கேட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் இந்த ஊரின் ஓர் அடையாளம். மணிக்கூண்டு, ரயில் நிலையத்தின் வளைவு, சந்தைக் கட்டடத்தின் கூம்புக் கூரை... ஏழாவது, தூக்குப்பாலம்.

"பாலம் மட்டும் வேண்டாமே சார். வேற ஏதாவது..."

"என்னம்மா நீ! பாலம் இல்லாம இந்த ஊரா? அதுதான் நம்ம ஹீரோ. நிஜமாவே எழும்பி இறங்கணும், சொல்லிட்டேன்."

அவள் ஒப்புக்கொண்டாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், அவள் அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்த ஆம்புலன்ஸ் அந்தப் பாலத்தின் முன்னால் நின்றது. பாலம் மேலே இருந்தது. அம்மாவின் வயிற்றுக்குள் ஏதோ வெடித்திருந்தது. அப்பா இறங்கி ஓடிப்போய்க் கேபினுக்கு ஏறும் கதவைத் தட்டினார். உள்ளே பூட்டியிருந்தது. அவர் போட்ட கூச்சல் படகுகளின் ஹார்ன் சத்தத்தில் மேலே எட்டவில்லை. பதினோரு நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா..."

அப்பா பஸ் டிரைவர். அடுத்த வாரமே பாலம் தாண்டாத தடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அதன்பின் அந்தக் குடும்பத்துக்கு அக்கரை என்றால் சுற்றுச் சாலைதான். ஐந்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு நாற்பது நிமிஷம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ் பாலம் வழியாகப் போகும் என்று தெரிந்து, அவளை அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்ட ஆண்டும் உண்டு. இரண்டே பேர் உள்ள வீடு. அதில் ஒரு சொல்லை மட்டும் இருவரும் வாயில் எடுப்பதில்லை.

அளவு சரியாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். நிஜத்தில் இருபது அடி என்றால் திடலில் ஓர் அடி. தூணும் கைப்பிடியும் கேபினின் ஜன்னலும் அதே கணக்கில். பால அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் கேபினுக்கு ஏறினாள். கதவைத் திறந்தவன் அவனேதான்.

"அடடே... மஞ்சக் குடை!"

"கடிதம் இருக்கு. ஜன்னல் உயரம் எடுக்கணும். அப்புறம் கீழ இருக்கிற இயந்திரம் பார்க்கணும்."

"கடிதத்துல 'டிசைனர்'னு போட்டிருக்கு. உங்க நகத்துல சிமெண்ட் இருக்கே?"

"வரையறதும் நான்தான். கட்டுறதும் நான்தான்."

"அப்ப மேஸ்திரின்னு சொல்லுங்க!"

அன்றிலிருந்து அவள் மேஸ்திரி ஆனாள். அவனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மனசுக்குள் மட்டும் பாலத்துக்காரன் என்று ஒரு பெயர் வைத்தாள்.

கேபினில் மூன்று சின்னத் திரைகள் இருந்தன. எதற்கு என்று கேட்டாள். "லாரிக்குப் பின்னாடி என்ன நிக்குதுன்னு ஜன்னல்ல தெரியாது. நான் வேலைக்கு வந்த முதல் வருஷம் கேமரா வேணும்னு எழுதிக் கொடுத்தேன். ரெண்டு வருஷம் நச்சரிச்சதும் வச்சாங்க" என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை.

இரும்பு ஏணியில் கீழே இறக்கிக் காட்டினான். இருட்டறையில் ஒரு வீடு அளவுக்குக் கான்கிரீட் கட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுதான் எதிர் எடை. பாலத்தோட வால்பக்கம். அந்தப் பக்கம் எவ்வளவு கனமோ இந்தப் பக்கமும் அவ்வளவு. அதனால மோட்டார் சும்மா தொட்டுவிட்டாப் போதும்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுடைய குட்டிப் பாலத்தில் இரண்டு மோட்டார் புகைந்து போயிருந்தன. மூன்றாவதாக இன்னும் பெரியதாக ஒன்று வாங்க இருந்தாள்.

"பெரிய மோட்டார் வேண்டாம் மேஸ்திரி. பின்பக்கம் ஈயக்கட்டி போடுங்க. எனக்கு வியாழக்கிழமை லீவு. வந்து பார்க்கவா?"

வியாழக்கிழமை வந்தான். அதற்கடுத்த வியாழனும் வந்தான். பூங்காவின் பின்னால் தகரக் கொட்டகையில் ஒட்டுப்பலகையும் இரும்புத் தகடும் பரப்பி வைத்து இருவரும் குனிந்து கிடந்தார்கள். அவன் ஈயக்கட்டியைச் சீவிச் சீவி எடை பார்ப்பான். அவள் கைப்பிடிக் கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பற்றவைப்பாள். முகமூடியைத் தூக்கும்போதெல்லாம் அவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பியிருப்பான்... அவ்வளவு வேகமாகத் திரும்புகிறவன் இவ்வளவு நேரம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தான் என்று யாருக்குத்தான் தெரியாது?

"என்ன பாக்குறீங்க?"

"தீப்பொறி."

"தீப்பொறியைக் கண்ணாடி போடாம பார்த்தா கண்ணு போயிடும்."

"போனா போகட்டும்" என்று அவன் முணுமுணுத்தது ஈயக்கட்டிக்கு மட்டுமா கேட்டது? அவளுக்கும் கேட்டது. அன்று அவள் ஒரு கம்பியைத் தலைகீழாகப் பற்றவைத்தாள்.

ஐந்தாவது வியாழன் பாலம் எழுந்தது. ஒரு விரலால் தள்ளினாலே எழுகிற மாதிரி, அவ்வளவு இலேசாக. இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டி அதைத் தொட்டார்கள். விரல்கள் பட்டன. எடுத்துக்கொள்ள இருவருக்கும் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அன்றுதான் முதலாளியோடு சண்டையும் வந்தது. பாலம் நாற்பது நொடி மேலேயே நிற்க வேண்டும், ஆடுபவர்கள் தவித்துக் காத்திருந்தால்தான் சுவாரசியம் என்றார் அவர். அவள் முடியாது என்றாள். பாலத்துக்கு முன்னால் ஒரு தட்டு வைத்திருந்தாள். பந்து வந்து அதில் நின்றதும் பாலம் இறங்கத் தொடங்கிவிடும்.

"காத்திருக்கிறதுல என்ன சார் சுவாரசியம்? முடியாது. வேணும்னா வேற ஆளைப் பாருங்க!"

கத்திவிட்டாள். முதலாளி "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பாலத்துக்காரன் அவளையே பார்த்தான்.

"என்ன மேஸ்திரி... இவ்வளவு கோபம்?"

தகரக் கூரையில் மழை இறங்கியது. அவள் பற்றவைக்கும் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதுவரை வெளியாள் யாரிடமும் சொல்லாததை, அவனிடம் சொன்னாள். அம்மாவை. ஆம்புலன்ஸை. பூட்டிய கதவை. பதினோரு நிமிஷத்தை.

"எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்டான் அவன்.

சொன்னாள்.

அவன் முகம் வெளுத்தது. எழுந்தான். "நான்... வரேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி ஓடிவிட்டான். குடைகூட எடுக்கவில்லை.

அடுத்த வியாழன் அவன் வரவில்லை.

என் துக்கத்தைப் போய் அவனிடம் இறக்கி வைத்தேனே... பயந்து ஓடிவிட்டான். அவ்வளவுதான். அவள் தன்னையே திட்டிக்கொண்டு புல் விரித்தாள். பசை தடவினாள். திடலின் ஏழாவது குழியில் பாலத்தை இறக்கிப் பொருத்தினாள். வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலை வந்து நின்றான். கண்கள் தூங்காத கண்கள்.

"உட்காருங்க. ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க."

உட்கார்ந்தாள்.

"அன்னிக்குக் கேபின்ல இருந்தது எங்க அப்பா."

எங்கோ ஒரு பந்து உருண்டு குழியில் விழுந்த சத்தம் கேட்டது. மூன்றாவது குழியில் யாரோ சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"விசாரணையில அவர் மேல தப்பு இல்லைன்னு சொன்னாங்க. படகு அடியில இருக்கும்போது பாலத்தை இறக்க முடியாது. அது உண்மைதான். ஆனா அப்பா வீட்டுல வேற சொன்னார். முதல் படகு ஏழு நிமிஷத்துல தாண்டிடுச்சு. அப்பவே இறக்கியிருக்கலாம். பின்னாடி இன்னொரு படகு வளைவுல திரும்பிக்கிட்டு இருந்துச்சு. இறக்கிட்டு மறுபடி தூக்கினா ஜனங்க ரெண்டு தடவை நிக்கணுமேன்னு, அதையும் ஒரேயடியா அனுப்பிடலாம்னு இருந்துட்டார். நாலு நிமிஷம். ஆம்புலன்ஸ் லாரிக்குப் பின்னாடி நின்னது அவருக்குத் தெரியாது. சைரன் கேக்கல. பாலம் இறங்கி வண்டிங்க நகர்ந்தப்பதான் பார்த்தாராம்... அதுக்கப்புறம் ஒரு மாசம்கூட அந்த வேலையில இருக்கல."

அவள் கையிலிருந்த பசைத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"பத்து வருஷம் கழிச்சு நானே பரீட்சை எழுதி அந்த வேலைக்குப் போனேன். ஏன்னு கேட்டா எனக்குச் சரியா சொல்லத் தெரியல. அந்த ஜன்னல்ல யாராவது ஒழுங்கா பார்க்கணும்னு தோணுச்சு... அவ்வளவுதான்."

"இதை ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டாள். "விசாரணையிலயே வராத விஷயம். நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரியவே போறதில்ல."

"தெரியாம நீங்க எங்கிட்டச் சிரிச்சுப் பேசுறதை... என்னால வாங்கிக்க முடியல."

அவள் எழுந்தாள். நாலு நிமிஷம். இத்தனை நாள் அது பாலத்தின் மேல், விதியின் மேல் இருந்த கோபம். இப்போது அதற்கு ஒரு ஆள் இருக்கிறான். அந்த ஆளின் மகன் கண்ணெதிரே நிற்கிறான். அதே மகன்தான் அவளுடைய பாலத்துக்கு எடை பார்த்துக் கொடுத்தவன்...

"போயிடுங்க."

"மேஸ்திரி..."

"அப்படிக் கூப்பிடாதீங்க. போயிடுங்க."

போனான். இந்தத் தடவை நடந்துதான் போனான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் அவள் அழுதுகொண்டிருப்பது தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அப்பா அவள் தட்டைப் பார்த்தார். பாதி ரொட்டி அப்படியே கிடந்தது.

"பாப்பா, ஸ்டியரிங்கைப் பிடிச்ச கைக்கு வண்டியில எங்க சத்தம் வருதுன்னு தெரியும். என்னன்னு சொல்லு."

சொன்னாள். ஏழாவது குழியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமைகளைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். நாலு நிமிஷத்தைச் சொல்லி முடித்ததும் அப்பா கையிலிருந்த தம்ளரை மெல்லக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தாள். மேஜையைத் தள்ளிவிட்டுப் போவார் என்று நினைத்தாள்.

"நீ கட்டினதை எனக்குக் காட்டு" என்றார்.

சுற்றுச் சாலை வழியாகத்தான் போனார்கள். திடலில் இன்னும் ஆட்கள் வரத் தொடங்கவில்லை. ஈரப் புல். அப்பா ஏழாவது குழியின் முன்னால் வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தினார். குட்டிப் பாலத்தை நீண்ட நேரம் பார்த்தார். கைப்பிடி. தூண். கேபின். கேபின் கதவின் மேல் விரல் வைத்தார்.

"இந்தக் கதவைத்தான் தட்டினேன்."

"அப்பா... வேண்டாம், போலாம் வாங்க."

"இரு. அளவெல்லாம் சரியா எடுத்திருக்கியா? ஜன்னல் இவ்வளவு உயரத்துலதான் இருக்குதா?"

"மில்லிமீட்டர் கூட மாறாதுப்பா."

அப்பா சுற்றும்முற்றும் பார்த்தார். கொத்தனார் விட்டுப்போன ஒரு செங்கல் கிடந்தது. எடுத்துப் பாலத்தின் முன்னால் சாலையில் நிமிர்த்தி வைத்தார். "லாரி" என்றார். சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துச் செங்கலுக்குப் பின்னால் வைத்தார். அது என்னவென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிறகு அறுபத்து மூன்று வயது மனிதர் ஈரப் புல்லில் குப்புறப் படுத்தார். தலையைத் தூக்கி, கன்னத்தைக் கேபின் சுவரில் அழுத்தி, ஒரு கண்ணை மூடி, கேபினின் பின்ஜன்னலில் மறு கண்ணை வைத்து, உள்ளே இருந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

நேரம் போயிற்று. அவர் முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"தெரியல" என்றார்.

"அப்பா?"

"தெரியல பாப்பா. செங்கல்தான் தெரியுது. பின்னாடி இருக்கிறது தெரியவே இல்ல..."

அவள் அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு ஒண்ணு சொல்லல நான். முந்தின ராத்திரியே அம்மாவுக்கு வலி வந்துடுச்சு. இப்பவே போலாமான்னு கேட்டா. எனக்குக் காலையில முதல் டிரிப். விடியட்டும், வண்டியை விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். ஒன்பது மணி நேரம்... பதினேழு வருஷமா அந்தப் பதினோரு நிமிஷத்தையே எண்ணிக்கிட்டு இருக்கேன். இந்த ஒன்பது மணி நேரத்தை ஒரு நாள்கூட எண்ணினதில்ல. எண்ணப் பயம்."

அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள். அவளுடைய ஒன்பது வயதில் அம்மாவுக்காக இருவரும் தனித்தனி அறையில் அழுத அழுகையை, அன்று ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லையா? வந்தது. கொஞ்ச நேரம் வந்தது. ஆனால் அந்தப் பிடித்த கையை அவள் விடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா எழுந்தார்.

"அவர் இருக்காரா? அந்தக் கேபின்காரர்?"

"இருக்கார்னுதான் நினைக்கிறேன்."

"வீடு தெரியுமா?"

கொட்டகையில் கிடந்த ஈயக்கட்டி வாங்கிய ரசீதில் அவன் தன் விலாசத்தைக் கொடுத்திருந்தான். பாலம் தாண்டி இரண்டாவது தெரு. இந்த முறை அப்பா சுற்றுச் சாலைக்குத் திரும்பவில்லை. பாலத்தின் மேல் வண்டியை ஏற்றும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது அவளுக்குக் கேட்டது. மறுகரையில் இறங்கியதும்தான் விட்டார்.

கதவைத் திறந்த பெரியவர் ஒல்லியாக, முழுக்கை ஸ்வெட்டரில் இருந்தார். யார் என்று கேட்க வாயெடுத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் கேபின் ஜன்னலுக்குக் கீழே நின்று, நகர்கிற ஆம்புலன்ஸைத் துரத்திக்கொண்டு ஓடிய முகம் அது. மறந்திருப்பாரா?

கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சண்டை போட வரல" என்றார் அப்பா. "உட்கார்ந்து பேசலாமா?"

"நான்... நாலு நிமிஷம்... ஐயா, நான் இறக்கியிருக்கணும்..."

"தெரியும். உங்க பையன் சொல்லிட்டான். நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அது உங்களுக்குத் தெரியாது. முதல்ல உட்காருங்க."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். அவள் கூடப் போகவில்லை. அது அவர்கள் இருவர் மட்டும் பேச வேண்டியது. வாசல் கேட்டுக்கு வெளியே, தெருவோரம் வந்து நின்றாள். தூறல் போட்டது.

காலை வேலை முடிந்து அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பினான். அவளைப் பார்த்தான். சைக்கிள் நின்றது. அவனும் நின்றான். பிறகு யாரோ உறங்குகிற வீட்டுக்குள் நடப்பவன்போல மெதுவாக வந்தான்.

"நீங்க... இங்க?"

"அப்பாவோட வந்தேன்."

"அப்பாவா? உங்க அப்பாவா? உள்ளயா?" அவன் கேட்டைத் திறக்கப் போனான். அவள் குறுக்கே கை வைத்தாள்.

"போகாதீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க. ஒரு மணி நேரமா. நடுவுல ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். உங்க அப்பா அழுதுக்கிட்டு இருந்தார். எங்க அப்பா முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் பார்த்தா... எங்க அப்பா அழுறார், உங்க அப்பா தடவிக் கொடுக்கிறார்."

அவன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். தோள் குலுங்கியது. அவள் பார்க்காததுபோல் தெருவைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து முகத்தைத் துடைத்தான்.

"மழை" என்றான்.

"தூறல்தான். இவ்வளவு நனையாது."

அவன் சிரிக்க முயன்றான். பாதிதான் வந்தது.

"உங்க அப்பாவை வரச் சொன்னது நீங்களா?"

"இல்ல. அவரா வந்தார். நான்..." அவள் நிறுத்தினாள். வழியெல்லாம் கோத்து வைத்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எங்கே போயின? ஒன்றுகூட இல்லை. "நான் அன்னிக்கு உங்களைப் போகச் சொன்னேன்."

"சொன்னது நியாயம்."

"நியாயம் இல்ல. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எனக்குப் பிடிச்ச ஆள் ஒருத்தர் ஜாலியா பேசிக்கிட்டு வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்துக்கிட்டு இருந்திருப்பார். அவ்வளவுதான். என்னை இழந்துடுவோம்னு தெரிஞ்சும் வந்து சொன்னீங்க பாருங்க..."

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

"பிடிச்ச ஆளா?" என்றான், மிக மெல்ல.

"ஆமா."

"எனக்குச் சரியா கேக்கல."

"பொய். நல்லா கேட்டுச்சு."

"கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். அவன் கண்கள் சிவந்திருந்தன. அதில் குறும்பு இல்லை. கெஞ்சல் மட்டும் இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு ஜன்னலில் உட்கார்ந்து முகம் தெரியாத யாருக்காகவோ பார்த்துக்கொண்டிருந்த கண்கள்... இனிமேல் அவை கொஞ்சம் தன்னையும் பார்க்கட்டுமே என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க அம்மா இருந்திருந்தா அவங்ககிட்டத்தான் முதல்ல சொல்லியிருப்பேன். இல்ல. அதனால நேரா உங்ககிட்டயே சொல்றேன்."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அது சரிந்து விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

"எனக்கும் பிடிச்சிருக்குன்னு உங்ககிட்ட சொல்றதுக்கு ஒரு தகுதி வேணும்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றான். "இன்னும் அது வரல. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. நீங்க இல்லாத வீட்டுக்குள்ள இனிமே எனக்குப் போகப் பிடிக்கல, மேஸ்திரி."

அந்தப் பெயரை அவள் இந்த முறை தடுக்கவில்லை. கையை நீட்டினாள். மழையில் நனைந்த அவன் கை, குளிர்ந்த கை, அதற்குள் வந்து சேர்ந்தது.

"அப்ப வாங்க" என்றாள். "சேர்ந்தே போலாம்."